குடல் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள்: மருத்துவப் படிமவியலின் வரலாறு

குடல் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் என்பவை குடற்சுவரில் சிதறிக் கிடக்கும், ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களிலிருந்து தோன்றும் கட்டிகள் ஆகும். ஆங்கிலச் சுருக்கத்தில் இவை என்.இ.டி. எனப்படுகின்றன. நீண்ட காலம் இவற்றுக்கு வழங்கிய பெயர் கார்சினாய்டு. சிறுகுடலில் இவை பெரும்பாலும் இலியம் எனப்படும் பின்சிறுகுடலில் தோன்றுகின்றன. பல கட்டிகள் ஒரு பட்டாணி அளவே இருக்கும், மெதுவாக வளரும், பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிட்டுக் கல்லீரலுக்குப் பரவிய பிறகே வெளிப்படும். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு போன்ற அறிகுறிகள் சாதாரணக் குடல் கோளாறாகவே கருதப்படுவதால், முதல் அறிகுறிக்கும் சரியான நோய்க்கணிப்புக்கும் இடையே சில ஆண்டுகள் கழிவது இந்நோயில் வழக்கமாக இருந்துவந்துள்ளது.

சிறியதாகவும் ஓயாது அசையும் சிறுகுடலுக்குள் மறைந்தும் இருக்கும் இக்கட்டியை உடலைத் திறக்காமல் காண்பது எப்படி என்பதே இதன் படிமவியல் வரலாற்றின் மையக் கேள்வி. கட்டியின் வடிவத்தைத் தேடிய முறைகள் இதற்கு ஓரளவே விடை தந்தன. கட்டியின் வேதியியலைத் தேடிய முறைகள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன.

பெயரின் தோற்றம்

செருமானிய நோயியலாளர் ஓட்டோ லூபார்ஷ் 1888இல் இறந்தோர் இருவரின் பின்சிறுகுடலில் பல சிறு கட்டிகள் இருந்ததைப் பதிவு செய்தார். 1897இல் உருசிய அறிவியலாளர் நிக்கொலாய் குல்ச்சீத்ஸ்கி, குடலின் உட்படலத்தில் தனித்தன்மை வாய்ந்த நுண்மணிகள் கொண்ட உயிரணுக்களை விவரித்தார். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1907இல் மியூனிக் நகர நோயியல் மருத்துவர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் இக்கட்டிகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியில் புற்றுநோய் போலத் தோன்றினாலும் இவை மெதுவாக வளர்கின்றன, பரவுவதில்லை என்று கருதிய அவர், புற்றுநோயை ஒத்தது என்ற பொருளில் கார்சினாய்டு எனப் பெயரிட்டார். 1929இல் அவரே தம் கருத்தைத் திருத்தி, இக்கட்டிகள் பரவவும் கூடும் என்று எழுதினார். ஆனால் முதல் கருத்தே மருத்துவ உலகில் ஊன்றிவிட்டது. பெயரே தீங்கற்றது என்ற எண்ணத்தைத் தந்ததால், பல பத்தாண்டுகள் இந்நோய்க்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. யூதரான ஓபர்ன்டார்ஃபர் 1933இல் நாட்சி ஆட்சியில் பதவி நீக்கப்பட்டு இசுதான்புல் நகருக்குக் குடிபெயர்ந்தார்; அங்கு நோயியல் பேராசிரியராகப் பணியாற்றி 1944இல் மறைந்தார்.

இதற்கிடையே 1914இல் பிரெஞ்சு நோயியலாளர் பியேர் மாசோன், கார்சினாய்டு கட்டிகள் குல்ச்சீத்ஸ்கி விவரித்த உயிரணுக்களிலிருந்து தோன்றுகின்றன என்றும், அவை நாளமில்லாச் சுரப்பித் தன்மை கொண்டவை என்றும் முன்வைத்தார். இக்கட்டி வேதிப்பொருள் சுரக்கும் திசு என்ற இந்தக் கருத்தே, முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு இதைப் படம்பிடிக்க வழிகாட்டியது.

எக்சு-கதிரும் பேரியமும்

1895 நவம்பரில் வில்லெம் ரோண்ட்கன் எக்சு-கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பைத் தெளிவாகக் காட்டிய இக்கதிர்கள் குடல் போன்ற மென்திசுக்களைக் காட்டவில்லை. அமெரிக்காவில் வால்டர் கேனன் 1896 முதல் விலங்குகளுக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, உணவுக்குழலின் அசைவுகளை எக்சு-கதிரில் கண்டார். 1904இல் ஹெர்மன் ரீடர் பிஸ்மத் உணவை மனிதர்களிடம் பயன்படுத்தும் முறையை விவரித்தார். ரீடர் பணியாற்றியதும் மியூனிக் நகரில்தான். மூன்றாண்டுகள் கழித்து அதே நகரில் ஓபர்ன்டார்ஃபர் விவரித்த கட்டிகளைக் காட்டும் திறன் அம்முறைக்கு இருக்கவில்லை.

1910ஆம் ஆண்டையொட்டி, நச்சுத்தன்மை குறைந்ததும் மலிவானதுமான பேரியம் சல்பேட்டு பிஸ்மத்தின் இடத்தைப் பிடித்தது. நோயாளி பேரியம் கரைசலைக் குடித்த பிறகு, அது குடல் வழியே நகர்வதைப் படமாக எடுப்பர். குடற்குழாயின் உள்வடிவத்தை இது நன்றாகக் காட்டும். சளிப்படலத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவே புடைத்திருக்கும் கட்டியோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் குடல் மடிப்புகளுக்கு இடையே எளிதில் மறைந்துவிடும்.

ஆயினும் பேரியம் படங்கள் ஒரு முக்கியமான மறைமுகத் தடயத்தைத் தந்தன. கட்டி சுரக்கும் பொருள்களின் விளைவாக, மெசென்டரி எனப்படும் குடல்தாங்கு மடிப்பில் நார்த்திசு பெருகிச் சுருங்குகிறது. அப்போது குடல் வளையங்கள் இழுக்கப்பட்டுக் கூர்மையாக வளைகின்றன. கட்டி தெரியாதபோதும் அது குடலை இழுத்து வளைத்த விதம் படத்தில் தெரிந்தது. அந்நிலையில் நோய் பெரும்பாலும் குடலைத் தாண்டிவிட்டிருக்கும் என்பதே இம்முறையின் குறை.

செரட்டோனின் தந்த தடயம்

இத்தாலிய அறிவியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் குல்ச்சீத்ஸ்கி உயிரணுக்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து எண்டரமின் எனப் பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் குருதியிலிருந்து செரட்டோனினைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே என 1952இல் தெளிவாயிற்று. மறு ஆண்டில் ஃபிரெட் லெம்பெக் கார்சினாய்டு கட்டிக்குள் செரட்டோனின் இருப்பதைக் காட்டினார்.

1954இல் சுவீடனில் தோர்சன், யான் வால்டென்ஸ்ட்ரம் உள்ளிட்ட குழுவினர், கல்லீரலுக்குப் பரவிய சிறுகுடல் கார்சினாய்டு, முகம் சிவத்தல், மூச்சுக்குழல் சுருக்கம், இதயத்தின் வலப்பக்க வால்வுக் கோளாறு ஆகியவை சேர்ந்து வரும் நிலையை விவரித்தனர். இது பின்னர் கார்சினாய்டு நோய்க்குறித் தொகுப்பு எனப்பட்டது. வயிற்றுப்போக்கும் இதன் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று. குடலில் சுரக்கும் செரட்டோனின் கல்லீரலை அடைந்ததும் சிதைக்கப்படுகிறது. கல்லீரலிலேயே கட்டிகள் தோன்றிவிட்டால், அவை சுரப்பது சிதைவுக்குத் தப்பி நேரே இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. எனவே இத்தொகுப்பு பெரும்பாலும் பரவிய நோயின் அடையாளமாகிறது.

செரட்டோனினின் சிதைவுப் பொருளைச் சிறுநீரில் அளக்கும் சோதனையும் 1950களில் வந்தது. இதனால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. உடலில் எங்கோ கட்டி இருக்கிறது என்பது சிறுநீர்ச் சோதனையில் தெரியும். எங்கே என்பது தெரியாது. இடத்தைக் காட்டும் பொறுப்பு படிமவியலுக்கு வந்தது.

குருதிக்குழாய்ப் படமும் சி.டி. ஸ்கேனும்

1953இல் சுவீடனின் சுவென்-ஐவர் செல்டிங்கர், தோல் வழியே ஊசியும் கம்பியும் செலுத்திக் குருதிக்குழாய்க்குள் மெல்லிய குழலை நுழைக்கும் எளிய முறையை வெளியிட்டார். குடலுக்குச் செல்லும் தமனிக்குள் நிறமூட்டும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்க இது வழிவகுத்தது. மெசென்டரியில் பரவிய கார்சினாய்டில் தமனிக் கிளைகள் சுருங்கி, ஒரு மையத்தை நோக்கி விண்மீன் வடிவில் இழுக்கப்பட்டிருப்பது இப்படங்களில் தெரிந்தது. கல்லீரலிலுள்ள கட்டிகள் குருதி நிறைந்து பளிச்சென்று தோன்றின.

1971இல் இலண்டனில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியால் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். ஆலன் கார்மக்குடன் அவர் 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முதலில் தலைக்கு மட்டும் பயன்பட்ட கருவி, விரைவில் வயிற்றையும் குறுக்குவெட்டாகக் காட்டும் அளவுக்கு வளர்ந்தது. மெசென்டரியில் ஒரு திரள், அதனுள் சுண்ணப் படிவு, அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரியும் நார்க்கோடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்த தோற்றம், சிறுகுடல் கார்சினாய்டின் அடையாளமாக மருத்துவப் பாடநூல்களில் இடம்பெற்றது. பேரியத்தில் குடலின் வளைவாகவும் தமனிப் படத்தில் விண்மீனாகவும் தெரிந்த அதே நார்த்திசுச் சுருக்கமே இங்கு ஆரக்கால்களாகத் தெரிகிறது.

வேகமாகச் சுழன்று படமெடுக்கும் சி.டி. கருவிகள் 1990களில் பரவியபோது, நேரமும் ஒரு கருவியாயிற்று. கல்லீரலின் இயல்பான திசு பெரும்பகுதி குருதியைச் சிரை வழியே பெறுகிறது. இக்கட்டிகளோ தமனி வழியே பெறுகின்றன. ஆகவே மருந்து செலுத்திய சுமார் அரை நிமிடத்தில், அது தமனியில் இருக்கும்போது எடுக்கும் படத்தில் கட்டிகள் ஒளிர்ந்து தெரியும். ஒரு நிமிடத்துக்குப் பின் எடுக்கும் படத்தில் அவற்றில் சில சூழ்ந்துள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடும். சரியான கட்டத்தில் எடுக்காத படம், தரமான கருவியில் எடுத்ததாயினும், கட்டியைத் தவறவிடக்கூடும்.

கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கல்லீரலிலுள்ள சிறு கட்டிகளைக் காண்பதில் சி.டி. ஸ்கேனை விஞ்சியது. நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் முறையும், கல்லீரல் உயிரணுக்கள் உறிஞ்சும் காடோலினிய மருந்துகளும் இத்திறனை மேலும் கூட்டின. இத்தனைக்கும் பிறகும், குடலிலுள்ள மூலக்கட்டி பல நோயாளிகளிடம் படங்களில் அகப்படவில்லை.

சோமாட்டோஸ்டாட்டின்

திருப்பம் ஹார்மோன் ஆய்விலிருந்து வந்தது. 1973இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ரோஜே கீய்மென் குழுவைச் சேர்ந்த பால் பிராசோ முதலியோர், ஆட்டின் மூளையிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடினர். கிடைத்ததோ அதை அடக்கும் பொருள். 14 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்குச் சோமாட்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். கீய்மென் 1977இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

சோமாட்டோஸ்டாட்டின் பல சுரப்புகளை அடக்கும். ஆனால் குருதியில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வாளர்கள் 8 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட, நீடித்து நிற்கும் மாற்று மூலக்கூறை உருவாக்கி 1982இல் வெளியிட்டனர். அதுவே ஆக்ட்ரியோடைடு. முகம் சிவத்தலையும் வயிற்றுப்போக்கையும் அது பெருமளவு தணித்ததை 1986இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வு காட்டியது.

இம்மருந்து வேலை செய்வதற்குக் காரணம், கட்டி உயிரணுக்களின் மேற்பரப்பில் சோமாட்டோஸ்டாட்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுந்திருப்பதே. இதைச் சுவிட்சர்லாந்தின் ழான் குளோட் ரூபி, அறுவையில் எடுத்த திசுக்களில் கதிரியக்கக் குறியீடு கொண்டு காட்டினார். ஏற்பிகளில் ஐந்து வகைகள் உள்ளன என்பதும், இக்கட்டிகளில் இரண்டாம் வகையே பெரும்பாலும் மிகுந்துள்ளது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. மருந்து பூட்டில் பொருந்தும் சாவி என்றால், அச்சாவியோடு ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால் பூட்டு இருக்குமிடம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்தது.

ரோட்டர்டாம் ஆய்வுகள்

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் எரிக் கிரென்னிங், ஸ்டீவன் லாம்பர்ட்ஸ் ஆகியோரின் குழு, கதிரியக்க அயோடின்-123 அணுவை ஆக்ட்ரியோடைடின் ஒரு மாற்று வடிவத்தோடு இணைத்து நோயாளிகளுக்குச் செலுத்தியது. காமா கேமராவில் கட்டிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. இம்முடிவு 1989இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அதுவரையிலான படங்கள் கட்டியின் அளவையும் வடிவையும் காட்டின. இந்தப் படம் கட்டியின் இயல்பைக் காட்டியது.

அயோடின் இணைந்த மூலக்கூறு கல்லீரல் வழியே குடலுக்குள் வெளியேறியதால், கட்டியைத் தேடவேண்டிய வயிற்றுப் பகுதியே கதிரியக்கத்தால் மங்கலாயிற்று. எனவே இண்டியம்-111 அணுவை இணைத்த பென்டெட்ரியோடைடு உருவாக்கப்பட்டது. இது பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறியது. இண்டியத்தின் அரை ஆயுட்காலம் 2.8 நாள்கள் ஆதலால், மருந்து செலுத்திய மறுநாளும் படமெடுக்க முடிந்தது. 1993இல் ரோட்டர்டாம் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை வெளியிட்டது. 1994இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆக்ட்ரியோஸ்கேன் என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. கட்டியின் ஒளிர்வைக் கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடும் அளவுகோல் இன்றும் கிரென்னிங் பெயரால் வழங்குகிறது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. ஒரே சோதனையில் தலை முதல் கால்வரை தேட முடிந்தது. குடலில் மட்டும் நோய் இருப்பதாகக் கருதி அறுவைக்குத் தயாரான ஒருவருக்கு எலும்பிலும் நோய் இருப்பது தெரியவந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும். ஆயினும் காமா கேமராவின் துல்லியம் குறைவு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பல தப்பின. சோதனையும் இரண்டு நாள்கள் நீண்டது.

காலியம்-68 பெட் ஸ்கேன்

பெட் ஸ்கேன் முறையில் கதிரியக்க அணு ஒரு பாசிட்ரானை வெளியிடும். அது எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாயும். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாவதைக் கொண்டு அவை புறப்பட்ட இடம் கணக்கிடப்படுகிறது. பிட்சுபர்க் நகரில் 1998இல் பெட், சி.டி. இரண்டும் ஒரே கருவியில் இணைந்த முன்மாதிரி இயங்கத் தொடங்கியது. இதனால் ஒளிப்புள்ளி எந்த உறுப்பில் உள்ளது என்பதையும் துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

பிற புற்றுநோய்களில் பெரிதும் பயன்படும் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை, மெதுவாக வளரும் குடல் கட்டிகளில் போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே காலியம்-68 அணுவைச் சோமாட்டோஸ்டாட்டின் மாற்று மூலக்கூறோடு இணைக்கும் முயற்சி நடந்தது. பாசல் நகர வேதியியலாளர் ஹெல்முட் மெக்கே இடம்பெற்ற குழு, காலியம்-68 டோட்டாடாக் பற்றிய முதல் முடிவுகளை 2001இல் வெளியிட்டது. டோட்டாடேட், டோட்டாநாக் என்பவை இதன் உறவு மூலக்கூறுகள்.

காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடங்களே. தொலைவிலிருந்து அதைத் தருவிக்க இயலாது. ஆனால் அது செர்மானியம்-68 சிதைவதால் உண்டாகிறது. செர்மானியத்தின் அரை ஆயுட்காலமோ சுமார் 271 நாள்கள். செர்மானியம் அடைத்த சிறு உற்பத்திக் கலம் ஒன்றை மருத்துவமனையில் வைத்துக்கொண்டால், பல மாதங்கள் வேண்டும்போதெல்லாம் காலியத்தைக் கறந்துகொள்ளலாம். விலையுயர்ந்த சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைகளுக்கும் இம்முறை எட்டியது இதனால்தான்.

2007இல் ஆத்திரியாவின் இன்ஸ்புருக் குழு 84 நோயாளிகளிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டது. நோயுள்ளோரைக் கண்டுபிடிக்கும் உணர்திறன் காலியம் பெட் ஸ்கேனில் 97 விழுக்காடு, சி.டி. ஸ்கேனில் 61 விழுக்காடு, காமா கேமரா முறையில் 52 விழுக்காடு என்று முடிவு வந்தது. அமெரிக்காவில் காலியம்-68 டோட்டாடேட்டுக்கு 2016இல் ஒப்புதல் கிடைத்தது. 12.7 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட தாமிரம்-64 டோட்டாடேட்டுக்கு 2020இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இதை ஓரிடத்தில் தயாரித்து வேறு நகரங்களுக்கு அனுப்ப முடியும்.

படிமத்தின் எல்லைகள்

ஏற்பிப் படத்தில் ஒளிர்வதெல்லாம் கட்டி அன்று. மண்ணீரல், சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி, பிட்யூட்டரி சுரப்பி ஆகியவை இயல்பாகவே ஒளிரும். கணையத் தலையின் கொக்கி போன்ற பகுதியும், துணை மண்ணீரலும், அழற்சியுற்ற திசுக்களும் கட்டிபோல் தோன்றி ஏமாற்றக்கூடும்.

ஒளிராததெல்லாம் நலம் என்பதும் இல்லை. வேகமாகப் பெருகும் கட்டிகள் தம் ஏற்பிகளை இழந்துவிடக்கூடும். அப்போது ஏற்பிப் படத்தில் மங்கும் கட்டி எஃப்.டி.ஜி. படத்தில் ஒளிரும். இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நோயின் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். உலக நலவாழ்வு அமைப்பின் 2010 வகைப்பாடு, உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் கி-67 என்ற குறியீட்டைக் கொண்டு இக்கட்டிகளை மூன்று தரங்களாகப் பிரித்தது. அந்த எண்ணைத் திசுப் பரிசோதனையே தரும். எந்தப் படமும் திசுப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

குடலின் உள்ளிருந்தும் தேடல் நடந்தது. விழுங்கக்கூடிய மாத்திரை வடிவக் கேமரா 2000இல் அறிமுகமாயிற்று. சப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ 2001இல் வெளியிட்ட இரட்டைப் பலூன் உள்நோக்கி முறை, சிறுகுடலின் ஆழத்துக்குச் சென்று திசு எடுக்க உதவியது. ஆனால் நார்த்திசுவால் குடல் குறுகியிருந்தால் மாத்திரைக் கேமரா அங்கேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே முன்னதாக சி.டி. படம் பார்த்து முடிவு செய்கின்றனர்.

கண்டறிதலிலிருந்து சிகிச்சைக்கு

கட்டியைத் தேடிச்சென்று பற்றும் மூலக்கூறில், படம் காட்டும் அணுவுக்குப் பதிலாகத் திசுவை அழிக்கும் அணுவை இணைக்க முடியும். 1990களில் இண்டியம்-111 அணுவை மிகை அளவிலும், பின்னர் இட்ரியம்-90 அணுவையும் கொண்டு இம்முயற்சி நடந்தது. 2000 முதல் ரோட்டர்டாமில் லுட்டீசியம்-177 டோட்டாடேட் பயன்படுத்தப்பட்டது. நடுக்குடல் கட்டி பரவிய 229 நோயாளிகளிடம் நடந்த நெட்டர்-1 ஆய்வு 2017இல் வெளியாயிற்று. 20ஆம் மாதத்தில் நோய் முற்றாமல் இருப்போர் லுட்டீசியம் பெற்ற குழுவில் 65.2 விழுக்காடு எனவும், மிகை அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற குழுவில் 10.8 விழுக்காடு எனவும் மதிப்பிடப்பட்டது. ஐரோப்பாவில் 2017இலும் அமெரிக்காவில் 2018இலும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது.

யாருக்கு இச்சிகிச்சை பயன்தரும் என்பதைப் படமே முடிவு செய்கிறது. ஏற்பிப் படத்தில் கட்டி கல்லீரலைவிட மிகுதியாக ஒளிர்ந்தால் மருந்து அதைச் சென்றடையும் என்று பொருள். ஒளிராத கட்டிக்கு இம்மருந்தைக் கொடுப்பதில் பயனில்லை. நோயறிதலும் சிகிச்சையும் ஒரே மூலக்கூறில் இணைந்ததற்கு இக்கட்டிகள் இன்று முன்னுதாரணமாகக் கருதப்படுகின்றன.

இன்றைய நிலை

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, எல்லா உறுப்புகளையும் சேர்த்து இவ்வகைக் கட்டிகளின் ஆண்டு நிகழ்வு 1973இல் ஒரு இலட்சம் பேருக்கு 1.09 ஆக இருந்து 2012இல் 6.98 ஆக உயர்ந்தது. இவ்வுயர்வுக்குக் கண்டறியும் முறைகள் மேம்பட்டதும் ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. முன்பு அறியப்படாமலே போன கட்டிகள் பல இன்று எண்ணிக்கைக்குள் வந்துள்ளன.

இன்றைய நடைமுறையில் எந்த ஒரு படமும் தனித்து நிற்பதில்லை. சி.டி. ஸ்கேன் குடல், மெசென்டரி, குருதிக்குழாய்கள் ஆகியவற்றின் அமைப்பை அறுவை மருத்துவருக்குக் காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. கல்லீரலை ஆராய்கிறது. காலியம் பெட் ஸ்கேன் உடல் முழுதும் நோயின் பரவலையும் ஏற்பிகளின் நிலையையும் சொல்கிறது. உள்நோக்கியும் திசுப் பரிசோதனையும் கட்டியின் தரத்தை உறுதிசெய்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. காலியம் ஸ்கேன் எவ்வளவு துல்லியமானதாயினும், அதை எடுக்கவேண்டும் என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றினால்தான் பயன். காரணம் விளங்காமல் நீடிக்கும் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, திடீரென முகம் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வரும்போது இக்கட்டியையும் நினைவில் கொள்ளவேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவது இதனாலேயே.